முன்னால் ஒல்லி, பின்னால் பருமன்

நகைக்கடைக்குள் நுழைகிறவர் முகத்தில் சிரிப்பு இருக்கும். டயர் கடைக்குள் நுழைகிறவர் முகத்தில் ஆணி குத்தியிருக்கும். எந்தத் தொழிலிலாவது கவுன்டருக்கு உள்பக்கம் நின்றுகொண்டு, "இதுக்கா இவ்வளவு?" என்ற கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் சொன்ன அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். உங்களிடம்தான் இதையெல்லாம் சொல்ல முடியும்.

கோயம்புத்தூரில் ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்து, அங்கே இங்கே வேலை பார்த்து, கடைசியில் ஃபிஜி தீவில் நாந்தி ஊருக்கு வந்து சேர்ந்தேன். மார்டின்டார் கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் டயர் கடை. எனக்கு வீல் அலைன்மென்ட் வேலை. முதலாளி மாரியப்ப கவுண்டர் மூன்றாம் தலைமுறை ஃபிஜிக்காரர். கரும்பு நிலத்தின் குத்தகை முடிந்து, புதுப்பித்துத் தரமாட்டோம் என்று நிலத்துக்காரர்கள் சொல்லிவிட்டதால் கடை வைத்தவர். உள்ளூரில் ஆள் கிடைக்காமலா என்னை வரவழைத்தார், தமிழ் பேச ஒரு துணை வேண்டுமென்று வரவழைத்தார் என்பது அவர் மனைவி சரோஜா அம்மாவின் கட்சி. டயரைக் கழற்றி மாட்டுவது சேமி. தீவின் பூர்வகுடி ஃபிஜியர். வாரநாட்களில் டயர், சனிக்கிழமையில் ரக்பி. நாங்கள் மூன்று பேர்தான் கடை.

நான் வந்த கொஞ்ச நாளில், இரண்டாயிரத்தில், தலைநகர் சுவாவில் இந்திய வம்சாவளிப் பிரதமரின் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். எண்பத்தேழிலேயே ஒருமுறை இதைப் பார்த்துவிட்ட நம்மவர்கள் இந்த முறை நின்று யோசிக்கவில்லை. ஆக்லாந்து, சிட்னி, பிரிஸ்பேன் என்று கிளம்பிவிட்டார்கள். சரோஜா அம்மாவின் தம்பியும் பிரிஸ்பேனில் இருந்தார். அம்மா, இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போயே ஆகவேண்டும் என்றார். கவுண்டர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. என்னுடைய வேலை அனுமதியோ அவர் கடையின் பேரில் இருந்தது. அவர் போனால் கடை இல்லை. கடை இல்லாவிட்டால் நானும் என் மனைவி விஜயாவும், அப்போதுதான் பள்ளியில் சேர்ந்திருந்த எங்கள் மகளும் பெட்டி கட்ட வேண்டியதுதான். அதனால் அந்தக் காலம் முழுக்க ஒரு கண்ணால் டயரையும் மறு கண்ணால் முதலாளியையும் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். அப்போதுதான் எங்கள் கடைக்கு ஒரு சிவப்புக் கார் வந்தது.

நாலும் ஒண்ணா இருக்கணும்

ஜப்பானிலிருந்து பழைய கார்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலம். அதில் ஒன்றை வாங்கியிருந்தான் பிரகாஷ். விமான நிலையத்தில் பயணச்சீட்டுப் போடுகிறவன். இரண்டே இருக்கை, இன்ஜின் இருக்கைக்குப் பின்னால், தரையோடு தரையாகப் படுத்திருக்கும் ஸ்போர்ட்ஸ் கார். பிரகாஷுக்குத் தெரிந்த தமிழ் 'அண்ணா' என்ற ஒரு வார்த்தை. மீதியெல்லாம் ஃபிஜி இந்தி, தமிழாக்கம் என்னுடையது. அவனுடைய புகார் இது: தன்னை ஏமாற்றிவிட்டார்கள். முன்டயர் ஒல்லியாக இருக்கிறது, பின்டயர் பருமனாக இருக்கிறது, எவனோ இரண்டு காரின் சக்கரத்தைக் கலந்து மாட்டி விற்றுவிட்டான். அவன் மேல் தப்பில்லை. அவன் அப்பா கரும்பு லாரி ஓட்டியவர். லாரியில் எல்லா டயரும் ஒரே அளவு. தேய்ந்தால் முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் மாற்றி மாட்டி, ஒரு ஸ்பேரை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுவார்கள். நாலும் ஒன்றாக இல்லாத வண்டியை அந்த ஊரில் வண்டியாகவே மதிக்க மாட்டார்கள்.

நான் விளக்கினேன். இன்ஜின் பின்னால் இருப்பதால் எடை பின்னால் இருக்கிறது. அதைத் தாங்கிப் பிடிக்க அகலமான டயர் பின்னால் வேண்டும். முன்னாலும் அதே அகலம் மாட்டினால் மூக்கு சொன்ன சொல் கேட்டுச் சட்டென்று திரும்பும், வாலுக்கு அந்த வேகத்தில் கூட வர முடியாமல் வெளியே வீசிவிடும். முன்பக்கம் பிடிப்புக் குறைவாக இருந்தால் வளைவில் மூக்கு கொஞ்சம் வெளியே தள்ளும். ஸ்டியரிங்கிலேயே அது தெரியும், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சரியாகிவிடும். வால் வீசினால் தெரிந்துகொள்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உடைத்துப் போட்ட ஒரு காரிலிருந்து டயரோடு வாங்கிய இரண்டு அகல ரிம்மை டிக்கியிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தான்.

சொன்னால் கேட்காதவனைத் தூக்கி உட்கார வைத்துக் காட்டுவதுதான் வழி. மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், மூடிக் கிடந்த ஒரு கிடங்கின் சிமென்ட் முற்றத்துக்குக் கூட்டிப்போனேன். முதலில் பழைய சக்கரத்தோடு ஒரு வட்டம் அடித்தேன். மூக்கு லேசாகத் தள்ளியது, அவ்வளவுதான். பிறகு சேமி அங்கேயே ஜாக்கி போட்டு முன்னால் அகலச் சக்கரத்தை மாட்டினான். அதே வட்டம், அதே வேகம். கார் ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதுபோல நின்ற இடத்தில் ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நின்றது. பிரகாஷ் கண்ணாடியை இறக்கி, மழையில் தலையை நீட்டிப் பார்த்தான். பிறகு கேட்டான்:

"ரிவர்ஸ் கியர் போடாமலே வண்டி பின்னால பாக்குதே அண்ணா, இதுக்கு எக்ஸ்ட்ரா காசு கேப்பியா?"

பாலத்துப் பரீட்சை

பழைய சக்கரத்தை மாட்டி, அலைன்மென்ட் பார்த்து, நானும் சேமியும் காரை ஓட்டிப் பார்க்கப் போனோம். ஆற்றுப் பாலத்தருகே ராணுவச் சோதனைச் சாவடி. அந்த நாட்களில் சாவடியைக் கண்டாலே சட்டைப் பையில் வேலை அனுமதிக் காகிதம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வேன். துப்பாக்கி மாட்டிய ஒரு சிப்பாய் காரைச் சுற்றி வந்தார். டிக்கியைத் திறக்கச் சொல்லவில்லை, லைசென்ஸ் கேட்கவில்லை. பின்சக்கரத்தருகே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். எழுந்து முன்னால் போய் அங்கேயும் உட்கார்ந்தார். ஏன் இரண்டு அளவு என்று சேமியிடம் ஃபிஜிய மொழியில் கேட்டார். சேமி என்னைக் காட்டினான்.

சாவடியில் என்னைக் கேள்வி கேட்பார்கள் என்று பயந்திருக்கிறேனே தவிர, பாடம் கேட்பார்கள் என்று நினைத்ததில்லை. கேட்டுவிட்டால் எனக்கு வாய் நிற்காது. டயர் பக்கவாட்டில் இருக்கும் எண்ணைக் காட்டினேன். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு ரப்பரின் உயரம் என்பது. மூன்றாவது, ரிம்மின் அளவு, அங்குலத்தில். சேமி ஒவ்வொரு வாக்கியமாக மொழிபெயர்த்தான். எங்களுக்குப் பின்னால் லௌடோகா ஊருக்குப் போகிற பஸ் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்து, கத்தரிக்காய்க் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள். மூக்கு தள்ளுவதையும் வால் வீசுவதையும் என் கையையே காராக வைத்து நடித்துக் காட்டினேன். எல்லாம் புரிந்ததா என்று கேட்டேன். சிப்பாய் மிக மரியாதையாகத் தலையாட்டிவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். சேமி அதை எனக்கு இந்தியில் சொன்னான், நான் தமிழில் தருகிறேன்.

"என் மச்சான் வண்டியில நாலு சக்கரமும் நாலு சைஸ். அவன் இன்னும் உசிரோட இருக்கானே, அது எந்தக் கணக்குல சேரும்?"

போகிறவர் டயர்

யார் ஊரை விட்டுப் போகப்போகிறார்கள் என்பது அவர்கள் சொந்தக்காரர்களுக்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்துவிடும். விசா கிடைத்தவர் புது டயர் வாங்கமாட்டார். வழவழவென்று தேய்ந்த டயரோடு வந்து, "ஏதாவது பழசு இருந்தா போடுங்க, ஓடினா போதும்" என்பார். ஓடினால் போதும் என்ற சொல் காதில் விழுந்ததும் சேமி என்னைப் பார்ப்பான். எந்த ஊருக்கு என்பது மட்டும்தான் பாக்கி. நானும் சும்மா இருக்கமாட்டேன், பேச்சுவாக்கில் கேட்டுத் தெரிந்துகொள்வேன். கவுண்டருடைய சொந்தக் காரின் டயரும் அப்போது தேய்ந்துதான் இருந்தது. தினம் காலையில் கடையைத் திறந்ததும் என் முதல் வேலை அதைக் குனிந்து பார்ப்பது. மாற்றவும் இல்லை, பழசு போடச் சொல்லவும் இல்லை. மனுஷன் வாயைப் போலவே அவர் டயரும் பிடிகொடுக்கவில்லை.

பிரகாஷுக்கும் விசா வந்தது. சிவப்புக் காரை விற்க வேண்டும். பின்டயர் இரண்டும் தேய்ந்திருந்தன. அந்த அகலத்தில் ஒரு ஜோடி பழசு எங்களிடம் இருந்தது, ஆனால் பொடிப்பொடியாக வெடித்த ரப்பர். பின்னால் அதுவே போதும், முன்னால் மட்டும் நல்லதாகப் போடு, வாங்குகிறவன் முன்னால் நின்றுதானே பார்ப்பான் என்றான். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. முன்னால் நல்ல பிடிப்பு, பின்னால் வெடித்த ரப்பர் என்றால் அந்த முற்றத்தில் சுற்றிய சுற்று இனி நடுரோட்டில் நடக்கும், எதிரில் பஸ் வரும் என்று கத்தினேன். அவன் சாதாரணமாகத்தான் பதில் சொன்னான். கெட்டவனில்லை. பெட்டி கட்டி முடித்தவனுக்கு ஊரே பாதி மறந்துபோயிருக்கும். கவுண்டர் குறுக்கே வந்து, கடைக்கு நஷ்டமானாலும் பரவாயில்லை, பின்னால் நல்லது போட்டு அனுப்பு என்று சொல்லிவிட்டார். ஊரை விட்டுப் போகிற முதலாளி இப்படியா செலவு பண்ணுவார் என்று எனக்கு அன்று முழுக்க ஒரே சந்தோஷம். பிரகாஷ் சொன்னது இதுதான்:

"பின்னால என்ன ஆவுதுன்னு நா எங்க பாக்கப்போறேன் அண்ணா, நா ஆக்லாந்துல இருப்பேன்."

டாக்டரம்மாவின் வைத்தியம்

காரை வாங்கியவர் ஒரு டாக்டர். மதுரைக்காரர், பெயர் மீனா, ஒப்பந்தத்தில் வந்தவர். ஊரில் வீட்டார் ஸ்கூட்டியைத் தாண்டி எதையும் ஓட்ட விட்டதில்லையாம். அந்தக் கோபத்தை இங்கே தீர்த்துக்கொண்டார். சுவாவில் ஒரு கடையில் பளபளவென்று பதினேழு அங்குல ரிம் பார்த்திருக்கிறார். நாலையும் வாங்கி மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். கார் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் சக்கரத்தின் மொத்த உயரம் அதேதான் இருக்க வேண்டும், ரிம் மட்டும் பெரிசாகும் என்றால் இடையில் ரப்பர் மெலிந்துதான் ஆக வேண்டும். அந்த ரப்பர்தான் காருக்கு மெத்தை. கரும்பு ரயில் தண்டவாளம் சாலையைக் கடக்கிற ஒவ்வொரு இடத்திலும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. ரிம் வெளியே துருத்திக்கொண்டு நின்றதால், ரோட்டில் லாரி போட்ட பள்ளம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஸ்டியரிங் கையை இழுத்தது.

வேறு யாராக இருந்தாலும் கடையைத் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இவர் வேறு ரகம். ஒரு நேரத்தில் ஒரு மருந்தைத்தான் மாற்ற வேண்டும், அப்போதுதான் எது கேட்டது என்று தெரியும் என்றார். என் ஆயுளில் நான் கேட்ட மிக இனிமையான வாக்கியம் அது. முதலில் முன்சக்கரத்தில் காற்று இரண்டு பவுண்டு குறைத்தோம், மூக்கு சோம்பேறியானது. ஏற்றினோம், சுறுசுறுப்பானது, கூடவே துள்ளியது. பிறகு பின்னால் மட்டும் பழைய சக்கரம். பிறகு முன்னால் மட்டும். ஒவ்வொன்றுக்கும் அவர் ஆஸ்பத்திரி முடிந்து வந்து, சிகடோகா போகிற வளைவு ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, வண்டி எங்கே வலிக்கிறது என்று சொல்வார். வளைவில் பதினேழு அங்குலம் கத்தி மாதிரி திரும்பியது உண்மை. நேர் ரோட்டில் அதே கத்தி அவர் இடுப்பில் இறங்கியதும் உண்மை. கடைசியில் தீர்ப்புச் சொன்னார்:

"காருக்கு ஒண்ணும் இல்ல சார், நல்லா இருக்கு. எனக்குத்தான் முதுகு போச்சு. பழசையே மாட்டிருங்க."

இதில் எத்தனை பேர்

டாக்டரம்மாவும் போனார். நியூசிலாந்தில் வேலை கிடைத்தது. ஓடினால் போதும் என்று ஒரு நாளும் சொல்லமாட்டார் என்று நினைத்திருந்தேன். அவர் டயரைப் பற்றிப் பேசவே இல்லை. காரை யாரிடம் விற்கலாம் என்று எங்கள் கடையில் டீ குடித்துக்கொண்டே கேட்டார். ஊரே விற்றுக்கொண்டிருந்தது, வாங்க ஆள் இல்லை. கவுண்டர் டீயைக் கீழே வைத்துவிட்டு, நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

சேமி கையிலிருந்த டயரை உருளவிட்டுவிட்டான். நான் அன்று சாயங்காலம் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர் பிரிஸ்பேன் போவாரா? விஜயா கேசரி கிண்டினாள். மறுநாள் கவுண்டர் சுவாவுக்கு ஃபோன் போட்டு, முன்னால் ஒல்லி ஒரு ஜோடி, பின்னால் பருமன் ஒரு ஜோடி, நாலும் புதுசாக, கம்பெனி சொன்ன அளவிலேயே வரவழைத்தார். அந்த ஆண்டில் எங்கள் கடையில் ஒருவர் நாலு புது டயர் வாங்கியதே அபூர்வம். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போய்வரலாமா என்றுகூட விஜயா பேச ஆரம்பித்துவிட்டாள்.

டயர் வந்த அன்று சரோஜா அம்மா கடைக்கு வந்தார். வழக்கமாக வந்தால் சேமியிடம் ரக்பி பற்றி வம்பு பேசிவிட்டுத்தான் மற்ற வேலை. அன்று நேராகக் காரிடம் போனார். சுற்றி வந்து பார்த்தார். கதவைத் திறந்து உள்ளே குனிந்து பார்த்தார். இருக்கைக்குப் பின்னால் கையை விட்டு, அங்கே இன்ஜின்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டார். இதில் எத்தனை பேர் உட்காரலாம் என்று என்னைக் கேட்டார். இரண்டு பேர் என்றேன். நான் உற்சாகத்தில் வேகத்தைப் பற்றியும் வளைவைப் பற்றியும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுச் சொன்னார்:

"எங்க வூட்ல நாலு பேரு தம்பி."

அரிசி மூட்டை

சாதாரணக் காருக்கு அலைன்மென்ட் பார்க்கக் காலியாகவே நிறுத்தினால் போதும். இந்த மாதிரி எடை குறைந்த, தாழ்ந்த காருக்கு அது போதாது. ஆள் உட்கார்ந்ததும் கார் அழுந்தும், அழுந்தினால் சக்கரத்தின் சாய்வு மாறும். அதனால் ஆள் எடைக்கு எதையாவது இருக்கையில் வைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். பக்கத்து மளிகைக் கடையில் சொல்லி அரிசி மூட்டை எடுத்து வந்தோம். கவுண்டர் கொஞ்சம் கனத்த சரீரம், ஓட்டுகிற பக்கத்துக்கு ஒரு பெரிய மூட்டையும் ஒரு சின்ன மூட்டையும். இந்தப் பக்கம் சரோஜா அம்மாவுக்குக் கண்ணால் மதிப்புப் போட்டு ஒரு மூட்டை. சேமி அதற்கு பெல்ட்டும் போட்டுவிட்டான்.

கவுண்டர் வந்து பார்த்தார். அவருக்கு அந்தக் காட்சி சிரிப்பு மூட்டும் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. குனிந்து பெல்ட்டைக் கழற்றினார். மூட்டையை இரண்டு கையாலும் தூக்கி வெளியே எடுத்து, தரையில் போடாமல், ஒரு புது டயரின் மேல் வைத்தார். இது இல்லாமல் அளந்தால் சரியாக வராதே என்றேன். அப்போதும் எனக்குப் புரியவில்லை பாருங்கள்.

"அந்தப் பக்கம் வேணாம் தம்பி. சரோஜாவும் புள்ளைங்களும் அடுத்த மாசம் போறாங்க. நா போவ்ல. என்னா சொன்னாலும் எனக்கு அங்க போவ மனசு வரலை. ஒராளுக்கே செட் பண்ணிரு."

ஒரு வருடமாக நான் சாமியிடம் கேட்டது இதைத்தான்: இவர் போகக் கூடாது. கேட்டது கிடைத்துவிட்டது. கடை இருக்கும், என் வேலை இருக்கும், என் மகள் அதே பள்ளிக்குப் போவாள். மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. சேமி அந்த மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மளிகைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கப் போனான். நான் ஓர் ஆளுக்கு அளந்து, நாலு சக்கரத்தையும் அதற்கேற்றபடி திருப்பி வைத்தேன். கவுண்டர் ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். கார் நேராகப் போகிறது என்றார். வீட்டுக்குப் போய் விஜயாவிடம் நாம் இங்கேயே இருக்கிறோம் என்று சொன்னேன். ஏன் அதை இந்த முகத்தோடு சொல்கிறீர்கள் என்று கேட்டாள்.

காரில் எந்தப் பக்கம் ஆள் குறைந்தாலும் எந்தச் சக்கரத்தை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று நான் சட்டென்று சொல்லிவிடுவேன். வீட்டில் ஆள் குறைந்ததற்கு வழி கேட்டு வந்தால் மட்டும், தயவுசெய்து பக்கத்துக் கடையில் விசாரியுங்கள்.